புள்ளி வச்சும் லிஸ்ட் வரலையா? ‘கிளாஸ்’ தந்த கிறிஸ்டன் நிகார்டின் கதை

வெண்ணந்தூரில் ஒரு வீட்டு மாடி என்று வைத்துக்கொள்வோம். கீழே தெருவில் தறிச் சத்தம். மேலே ஓர் இளைஞர், சென்னை கம்பெனி ஒன்றுக்காக லேப்டாப்பில் பைத்தான் கோடு எழுதிக்கொண்டிருக்கிறார். லாரி வாடகைக் கணக்குக்கான மென்பொருள். ‘லாரி’ என்று சொந்தமாக ஒரு கிளாஸ் எழுதிவிட்டார். பதிவு எண், சரக்கு எடை, வாடகை கணக்குப் போடும் மெத்தட் எல்லாம் அதில் இருக்கிறது. இன்னொரு ஃபைலில் ஒரு ஃபங்ஷனுக்குள் ‘வண்டி’ என்று டைப் செய்து புள்ளி வைக்கிறார்.

லிஸ்ட் வரணும். வரவில்லை.

பைத்தானோடு சேர்ந்தே வரும் சமாசாரங்களுக்கெல்லாம் வருகிறது. ராப்பகலா உட்கார்ந்து தானே எழுதிய கிளாஸுக்கு மட்டும் எடிட்டர் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறது. புரோகிராம் எழுதும் எல்லோருக்கும் ஒருநாள் இந்த எரிச்சல் வந்திருக்கும்.

எடிட்டரைத் திட்டும் முன், இந்தப் புள்ளிக்குப் பின்னால் இருக்கும் ஒரு நார்வேக்காரரைத் தெரிந்துகொள்ளலாம். பெயர் கிறிஸ்டன் நிகார்ட்.

யார் இவர்?

1926 ஆகஸ்ட் 27-ல் ஓஸ்லோவில் பிறந்தவர். கணிதம் படித்தவர். 1948-ல் நார்வே பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்தார். நார்வேயின் முதல் அணு உலைக்கான கணக்குகளைப் போடும் வேலை. அப்போது அங்கே கம்ப்யூட்டர் கிடையாது. கணக்கெல்லாம் கையால்தான். நேரடியாகப் போட முடியாத கணக்கை, சீட்டுக் குலுக்குவது மாதிரி தற்செயல் எண்களை வைத்துத் திரும்பத் திரும்ப நடத்திப் பார்த்து விடை காணும் முறைக்கு மான்டே கார்லோ என்று பெயர். அதைத்தான் அவர் அங்கே கொண்டுவந்தார். 1956-ல் முதுகலை ஆய்வேட்டையும் அதே விஷயத்தில் எழுதினார்.

பிறகு 1960-ல் நார்வே கம்ப்யூட்டிங் மையத்துக்கு மாறினார். தொழிற்சாலை, துறைமுகம், வரிசையில் நிற்கும் வண்டிகள் என்று நிஜ உலகில் நடப்பதை அப்படியே கம்ப்யூட்டரில் நடத்திக் காட்ட ஒரு மொழி வேண்டும் என்பது அவர் ஆசை. ஆசை அவருடையது. அதை மொழியாக்கும் கெட்டிக்காரத்தனம் பழைய சகா ஊலே-யோஹான் டாலிடம் இருந்தது. 1962-ல் அமெரிக்காவின் யூனிவாக் நிறுவனத்தோடு ஒரு பேரம் நடந்தது. மையத்துக்கு யூனிவாக் 1107 கம்ப்யூட்டர் பாதி விலைக்கு வரும், பதிலுக்கு ‘சிமுலா’ என்ற மொழியை இவர்கள் எழுதித் தர வேண்டும். இன்னும் எழுதவே படாத மொழியைக் காட்டி மிஷின் வாங்கின ஆள்!

1967-ல் நடந்த ஒரு சம்பவத்தை அந்த மையத்தில் சிரித்துச் சிரித்துச் சொல்வார்களாம். புதிதாக வேலைக்கு வந்த ஒருவர் பதறிப்போய், கரும்பலகை முன்னால் இரண்டு பேர் அடித்துக்கொள்ளாத குறையாகச் சண்டை போடுகிறார்கள் என்று டெலிபோன் ஆபரேட்டரிடம் புகார் சொல்லியிருக்கிறார். பயப்படாதீர்கள், அது டாலும் நிகார்டும் சிமுலா பற்றிப் பேசிக்கொள்வதுதான் என்று பதில் வந்தது. முதல் சிமுலா 1964 இறுதியில் ஓடத் தொடங்கியது.

டோல்கேட்டில் பிறந்த யோசனை

நாமக்கல்காரர்களுக்கு இந்த இடம் பிடிக்கும். 1966-ல் இருவரையும் குடைந்த உதாரணம், ஒரு பாலத்தின் சுங்கச்சாவடி. வரிசையில் லாரியும் நிற்கிறது, பஸ்ஸும் நிற்கிறது. லாரிக்குச் சரக்கு, பஸ்ஸுக்குப் பயணிகள். ஆனால் வரிசையில் நிற்பது, நகர்வது என்பதெல்லாம் இரண்டுக்கும் ஒன்றுதான். அதை ஏன் இரண்டு தடவை எழுத வேண்டும்? பொதுவானதைத் தனியாக ஒரு கிளாஸில் எழுதி, லாரிக்கும் பஸ்ஸுக்கும் முன்னால் சேர்த்துவிடலாம். இன்று நாம் இன்ஹெரிட்டன்ஸ் என்று இன்டர்வியூவில் ஒப்பிக்கும் விஷயம் இதுதான். பிரிட்டனின் டோனி ஹோர் அப்போது முன்வைத்திருந்த ‘ரெக்கார்டு கிளாஸ்’ என்ற யோசனையும் இவர்களுக்குக் கைகொடுத்தது.

இப்படி உருவான ‘சிமுலா 67’ மொழியில் கிளாஸ் இருந்தது, ஆப்ஜெக்ட் இருந்தது. ஆப்ஜெக்ட்டின் பெயருக்குப் பின் புள்ளி வைத்து உள்ளே இருப்பதை எடுக்கும் எழுத்துமுறையும் இருந்தது. அதோடு ஒரு கட்டுப்பாடும் உண்டு. ஒரு ஆப்ஜெக்ட்டைச் சுட்டும் மாறியை எழுதும்போதே, அது எந்தக் கிளாஸைச் சேர்ந்தது என்று சொல்லிவிட வேண்டும். அதனால் புரோகிராம் ஓடுவதற்கு முன்பே, புள்ளிக்குப் பின்னால் என்ன வரலாம், என்ன வரக்கூடாது என்று கம்பைலருக்குத் தெரியும்.

எடிட்டர் லிஸ்ட் காட்டுவதும் இந்த அறிவை வைத்துத்தான். சிமுலாவை ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது பயன்படுத்திய பியார்னே ஸ்ட்ரௌஸ்ட்ரப் பின்னால் சி பிளஸ் பிளஸ் மொழியை உருவாக்கினார். அதிலும் ஜாவாவிலும் இந்தக் கட்டுப்பாடு தொடர்ந்தது. பைத்தான் மாதிரி மொழிகள் அதைத் தளர்த்திவிட்டன. எழுத சுகம்தான். ஆனால் ஃபங்ஷனுக்குள் வெறுமனே ‘வண்டி’ என்று வந்தால் அது லாரியா, எண்ணா, ஒன்றுமே இல்லாததா என்று எடிட்டருக்குத் தெரிய வழியில்லை. தெரியாதபோது சும்மா இருக்கிறது.

அப்புறம் ஏன் தொழிலாளர்களிடம் போனார்?

என்னைக் கேட்டால், நிகார்டின் வாழ்க்கையில் கவனிக்க வேண்டிய இடம் இதற்குப் பிறகுதான் வருகிறது. சிமுலாவை வைத்துத் தொழிற்சாலைகளை அலசியவர்கள் பெரும்பாலும் நிர்வாகத்துக்கு வேலை செய்பவர்கள். மாற்றம் வந்தபோது அதைச் சுமந்தவர்கள் தொழிலாளர்கள். மிஷினுக்குள் தங்களைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. இது அவரை உறுத்தியது. 1970-களின் தொடக்கத்தில் நார்வேயின் இரும்பு, உலோகத் தொழிலாளர் சங்கத்தோடு சேர்ந்து, தொழிலாளர்களே கம்ப்யூட்டர் முறைகளைப் புரிந்துகொண்டு கேள்வி கேட்கும்படி ஒரு திட்டத்தை நடத்தினார். அதன் தொடர்ச்சியாக 1975-ல் தொழிற்சங்கக் கூட்டமைப்பும் முதலாளிகள் கூட்டமைப்பும் தேசிய அளவில் ஒப்பந்தம் போட்டன. புதிய கம்ப்யூட்டர் முறை வந்தால் அதுபற்றித் தொழிலாளர்களுக்குப் புரியும்படி சொல்லியாக வேண்டும் என்று ஆனது.

அரசியலிலும் சும்மா இருக்கவில்லை. 1990 முதல் 1995 வரை, ஐரோப்பிய ஒன்றியத்தில் நார்வே சேரக்கூடாது என்ற இயக்கத்தின் தலைவர். 1994 நவம்பர் 28 வாக்கெடுப்பில் 52 சதவீதத்துக்கும் மேலானோர் அவர் பக்கம் நின்றார்கள். கம்ப்யூட்டர் துறையின் உச்ச விருதான டூரிங் விருது, 2001-ம் ஆண்டுக்காக டாலுக்கும் அவருக்கும் சேர்த்துத் தரப்பட்டது. 2002 ஜூன் 29-ல் டால் காலமானார். ஆறே வாரத்தில், ஆகஸ்ட் 10-ல், நிகார்டும் போய்விட்டார்.

சரி, லிஸ்ட் வர என்ன செய்யணும்?

பைத்தான் 3.5-ல், அதாவது 2015-ல், டைப் குறிப்பு எழுதும் வசதி முறைப்படி வந்தது. ஃபங்ஷனின் அடைப்புக்குறிக்குள் ‘வண்டி’க்குப் பக்கத்தில் ஒரு முக்காற்புள்ளி, பிறகு கிளாஸின் பெயர். காலி லிஸ்டாகத் தொடங்கினால், அதற்குள் வரப்போவது லாரிகள் என்று அங்கேயும் எழுத வேண்டும். கிளாஸின் பண்புகளை ‘இனிட்’ மெத்தடுக்குள்ளேயே வைத்துவிடுவது நல்லது. ஓடும்போது புதிதாக ஒட்டவைத்த பண்புகள் எடிட்டர் கண்ணில் படுவதில்லை. ஜாவாஸ்கிரிப்ட், பிஎச்பி எழுதுபவர்கள் இதே தகவலை ஃபங்ஷனுக்கு மேலே கமெண்ட்டாக எழுதலாம்.

இதெல்லாம் செய்தும் வரவில்லையா? எடிட்டரில் திறந்திருப்பது புராஜெக்ட்டின் சரியான ஃபோல்டர்தானா, தேர்ந்தெடுத்திருப்பது அந்த புராஜெக்ட்டின் பைத்தான்தானா என்று பாருங்கள். இம்போர்ட் வரிக்குக் கீழே நெளிகோடு இருந்தால் கோளாறு அங்கேதான்.

வெண்ணந்தூர் இளைஞர் ‘வண்டி’க்குப் பக்கத்தில் ‘லாரி’ என்று சேர்த்துவிட்டுப் புள்ளி வைக்கிறார். பதிவு எண், எடை, வாடகை எல்லாம் வரிசையாக இறங்குகின்றன. கடைசியில் அவர் லாரி கிளாஸில் எழுதாத இரண்டு பெயர்கள். பஸ்ஸுக்கும் லாரிக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று போன மாதம் அவரே தனியாக எழுதிவைத்திருந்த கிளாஸிலிருந்து வந்தவை.