பனை நட்ட பெருமகன்

பெங்களூருக்குப் படிக்க வந்த முதல் நாள், இந்திய அறிவியல் கழகத்துக்குப் போகவேண்டும் என்று ஆட்டோ ஓட்டுநரிடம் சொன்னேன். அவருக்கு விளங்கவில்லை. அருகில் நின்ற பெரியவர் டாட்டா இன்ஸ்டிட்யூட் என்று எடுத்துக் கொடுத்த பிறகே வண்டி கிளம்பிற்று. கழகத்தின் பெயரில் டாட்டா இல்லை; ஊரார் நாவில் இருக்கிறார். அவர் வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

ஜாம்செட்ஜி நசர்வான்ஜி டாட்டா 1839-ஆம் ஆண்டு மார்ச் 3-ஆம் நாள் குஜராத்து நவசாரியில், பார்சிப் புரோகிதர் குடும்பத்தில் பிறந்தார். பம்பாயில் கல்லூரிக் கல்வி முடித்து வாணிகத்தில் இறங்கினார். 1877-இல் நாகபுரியில் எம்பிரஸ் ஆலையைத் தொடங்கிப் பெரும்பொருள் ஈட்டினார்.

இந்திய மாணவர் வெளிநாடு சென்று உயர்கல்வி பெற 1892-இல் ஒரு நிதி அமைத்தார். அது சிலருக்கே உதவும் என்பதை அவர் அறிந்திருந்தார். ஆராய்ச்சிப் பல்கலைக் கழகம் ஒன்று நம் நாட்டிலேயே எழவேண்டும் என்று எண்ணினார்.

எண்ணியதோடு நிற்கவில்லை. பர்ஜோர்ஜி பாத்ஷா என்னும் அறிஞரை அயல்நாட்டுப் பல்கலைக் கழகங்களைக் கண்டு வர அனுப்பினார். 30 இலட்சம் ரூபாய் பெறுமானமுள்ள தம் சொத்துக்களை இதற்கென அளிக்க முன்வந்தார். ஆண்டுதோறும் 1.25 இலட்சம் ரூபாய் வருவாய் தரக்கூடிய சொத்துக்கள் அவை. ஒருமுறை அள்ளிக் கொடுத்து ஒதுங்கும் தருமம் அன்று அது. கொடுப்பவர் மறைந்தாலும் வற்றாத ஊற்று.

1898 டிசம்பர் 31-ஆம் நாள் திட்டம் கர்சன் பிரபுவின் முன் வைக்கப்பட்டது. படிக்க மாணவர் வருவரா, படித்தவருக்கு வேலை கிடைக்குமா என்று அவர் ஐயுற்றார். 1900-இல் வில்லியம் ராம்சே என்னும் இரசாயன விஞ்ஞானி இந்தியாவைச் சுற்றிப் பார்த்துப் பெங்களூரே ஏற்ற இடம் என்றார். மைசூர் அரசு நிலமும் பொருளும் தர இசைந்தது. அதற்கு முன்னின்ற திவான், பாலக்காட்டுத் தமிழரான சேஷாத்ரி ஐயர். நிலம் ஏறத்தாழ 370 ஏக்கர்.

அரசாங்கமோ ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்தது. 1904 மே 19-ஆம் நாள் ஜெர்மனியில் டாட்டா காலமானார். அன்று இங்கே ஒரு செங்கல்கூட எழவில்லை.

ஆயினும் திட்டம் சாகவில்லை. மைந்தர் தோராப்ஜியும் ரத்தனும் தந்தையின் கொடையைக் காத்தனர். 1909 மே 27-இல் அரசாணை பிறந்தது. 1911-இல் மாணவர் வந்தனர். 1933-இல் நம் சர் சி. வி. இராமன் அதன் முதல் இந்திய இயக்குநரானார்.

தென்னை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான் என்பார்கள் எங்கள் ஊரில். டாட்டா பார்க்கவும் இல்லை.

பட்டம் வாங்கவேண்டும், பிறகு வேலை தேடவேண்டும் என்பதற்கு மேல் நானும் எண்ணியதில்லை. நம் மன்றமும் ஆண்டு விழாவோடு ஓய்ந்துவிடுகிறது. அடுத்த ஆண்டு இரயிலில் வந்து இறங்கும் தம்பி தங்கையருக்கென, நாம் படித்து முடித்த நூல்களைச் சேர்த்து ஒரு சிறு அலமாரியேனும் வைத்துப் போகலாமே! முதல் நூல்களாக என்னுடைய நான்கைத் தருகிறேன்.