விலங்குகளைத் தேடிப் போன படகு

ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் ஜாம்பெசி என்று ஒரு பெரிய ஆறு ஓடுகிறது. அதன் ஒரு கரையில் சாம்பியா, மறுகரையில் ஜிம்பாப்வே. 1950களில் இந்த இரண்டு நாடுகளுக்கும் வேறு பெயர்கள் இருந்தன. சாம்பியாவை வடக்கு ரொடீசியா என்றும், ஜிம்பாப்வேயைத் தெற்கு ரொடீசியா என்றும் அழைத்தார்கள். இரண்டும் பிரிட்டிஷ் ஆட்சிக்கு உட்பட்டிருந்தன. தெற்கு ரொடீசியாவின் வனவிலங்குத் துறையில் வேலை பார்த்தவர்தான் ரூபர்ட் ஃபாதர்கில். காட்டையும் விலங்குகளையும் நன்றாகத் தெரிந்தவர்.

ஜாம்பெசி ஆறு கரிபா என்ற இடத்தில் இரண்டு மலைகளுக்கு நடுவே ஒடுங்கிப் போகும். அங்கே ஓர் அணை கட்டி மின்சாரம் எடுக்க அரசாங்கம் முடிவு செய்தது. சுரங்கங்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் நிறைய மின்சாரம் வேண்டியிருந்தது. அணையின் உயரம் 128 மீட்டர். அதாவது, 40 மாடிக் கட்டடம் அளவு!

அந்தப் பள்ளத்தாக்கில் டோங்கா மக்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வந்தார்கள். ஆற்றுக்குள் நியாமிநியாமி என்ற தெய்வம் இருக்கிறது என்பது அவர்கள் நம்பிக்கை. பாம்பு உடம்பு, மீன் தலை. 1957இலும் 1958இலும் பெரிய வெள்ளம் வந்து அணை வேலையைக் கெடுத்தது. நியாமிநியாமிக்குக் கோபம் வந்துவிட்டது என்று டோங்கா மக்கள் பேசிக்கொண்டார்கள். ஆனாலும் வேலை நிற்கவில்லை. 1958 டிசம்பரில் ஆற்றை அடைத்துவிட்டார்கள். தண்ணீர் ஏற ஆரம்பித்தது.

இப்போது ஒரு கேள்வி. தண்ணீர் ஏறும்போது விலங்குகள் ஏன் தூரமாக ஓடிப் போகவில்லை?

யோசிச்சுப் பாருங்க. ஒவ்வொரு மழைக்காலத்திலும் ஆற்றில் வெள்ளம் வரும். விலங்குகள் மேட்டில் ஏறி நிற்கும். கொஞ்ச நாளில் வெள்ளம் வடியும். அப்புறம் அவை கீழே இறங்கி வரும். அவற்றுக்குத் தெரிந்த வழி அதுதான். இந்த முறையும் அப்படியே மேட்டில் ஏறி நின்றன. ஆனால் இந்தத் தண்ணீர் வடியவே இல்லை. குன்றுகள் எல்லாம் தீவுகளாக மாறின. தீவு நாளுக்கு நாள் சின்னதாகிக்கொண்டே வந்தது. புல்லைத் தின்று முடித்தபின் மரப்பட்டையைத் தின்றன. பட்டையும் தீர்ந்துபோனால் பட்டினிதான்.

இவற்றைக் காப்பாற்றும் பொறுப்பு ஃபாதர்கில்லிடம் வந்தது. தொடக்கத்தில் அவரிடம் இருந்தது ஒரு சின்னக் குழு, சில படகுகள், கொஞ்சம் பணம். அவ்வளவுதான். தண்ணீரோ பல நூறு கிலோமீட்டர் கரையில் ஏறிக்கொண்டிருந்தது! செய்தித்தாள்களில் இதைப் படித்த மக்கள் வெளிநாடுகளில் இருந்தும் பணம் அனுப்பினார்கள். இந்த வேலைக்கு ‘ஆப்பரேஷன் நோவா’ என்று பெயர். பெருவெள்ளம் வந்தபோது நோவா என்பவர் பெரிய பேழை செய்து விலங்குகளைக் காப்பாற்றினார் என்று பைபிளில் ஒரு கதை உண்டு. அந்தக் கதையில் விலங்குகள் தாமாகவே வந்து பேழையில் ஏறும். கரிபாவில் எந்த விலங்கும் அப்படி ஏறவில்லை! உதவ வந்தவர்களையே முட்டின, கடித்தன, உதைத்தன. பாவம், அவற்றுக்கு எப்படித் தெரியும்?

மான்களைப் பிடிக்க ஒரு வழி கண்டுபிடித்தார்கள். தீவில் வரிசையாக நின்று சத்தம் போட்டு, மான்களைத் தண்ணீருக்குள் விரட்டுவார்கள். நீந்தும் மானால் வேகமாக ஓட முடியாது, இல்லையா? படகில் பக்கத்தில் போய்ப் பிடித்து, கால்களைக் கட்டிப் படகில் ஏற்றுவார்கள். இதில் ஒரு சிக்கல் வந்தது. கயிறு உரசி மான்களின் கால்கள் புண்ணாயின. காலில் காயம் பட்ட மான் காட்டில் எப்படிப் பிழைக்கும்?

பெண்கள் அணியும் மெல்லிய நைலான் காலுறைகள் இருக்கே, அவைதான் இதற்குத் தீர்வு. பழைய காலுறைகளை அனுப்பும்படி மக்களிடம் கேட்டார்கள். மூட்டை மூட்டையாக வந்து குவிந்தன. அவற்றைச் சடை பின்னுவது போலப் பின்னிக் கயிறு செய்தார்கள். அந்தக் கயிறு உறுதியானது, ஆனால் மென்மையானது. இந்தக் கதை முழுவதிலும் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

பாம்புகளையும் அவர்கள் விட்டுவிடவில்லை. நீண்ட கழியின் நுனியில் சுருக்குப் போட்டுப் பிடித்தார்கள். ஆப்பிரிக்காவின் கொடிய நஞ்சுள்ள கறுப்பு மாம்பாவும் அதில் உண்டு. யானைகளுக்கு நன்றாக நீந்தத் தெரியும். அதனால் படகில் கூடவே போய், கரை இருக்கும் பக்கம் திருப்பிவிட்டார்கள்.

எல்லாவற்றையும் விடக் கஷ்டம் காண்டாமிருகம். ஒரு கறுப்புக் காண்டாமிருகம் ஏறக்குறைய 1,000 கிலோ இருக்கும். கோபம் வந்தால் நேராகப் பாய்ந்து வரும். அதைத் துப்பாக்கியால் மயக்க ஊசி போட்டுத் தூங்க வைத்தார்கள். மருந்து கூடினால் விலங்கு செத்துவிடும். குறைந்தால் நடுவில் எழுந்துவிடும்! அந்தக் காலத்தில் இது மிகவும் புதிய முறை. எவ்வளவு மருந்து போடுவது என்று சொல்லித்தர ஆள் இல்லை. தூங்கும் காண்டாமிருகத்தைப் பலர் சேர்ந்து இழுத்து, காலி டிரம்களால் செய்த மிதவையில் ஏற்றுவார்கள். படகு அந்த மிதவையை இழுத்துப் போகும். தண்ணீருக்கு அடியில் மூழ்கிய மரங்கள் படகைக் கிழிக்கலாம். முதலைகளும் இருந்தன. இப்படி 40க்கும் மேற்பட்ட காண்டாமிருகங்களைக் கரை சேர்த்தார்கள்.

1964 வரை இந்த வேலை நடந்தது. 6,000க்கும் மேற்பட்ட விலங்குகள் பிழைத்தன. பலவற்றை மாட்டுசடோனா என்ற பகுதியில் கொண்டுபோய் விட்டார்கள். இன்று அது ஒரு தேசியப் பூங்கா. ஆனால் எல்லா விலங்குகளையும் காப்பாற்ற முடியவில்லை. படகு போய்ச் சேரும் முன்பே பல விலங்குகள் இறந்துவிட்டன.

மனிதர்களும் வீட்டை இழந்தார்கள். ஏறக்குறைய 57,000 டோங்கா மக்களைப் பள்ளத்தாக்கை விட்டு அனுப்பிவிட்டார்கள். அவர்களுடைய வயல்களும் முன்னோர்களின் கல்லறைகளும் தண்ணீருக்குள் போய்விட்டன. பலருக்குக் கிடைத்தது வறண்ட நிலம். விலங்குகளின் கதை உலகம் முழுவதும் தெரிந்தது. இவர்களுடைய கதை அந்த அளவுக்குத் தெரியவில்லை. ஃபாதர்கில்லோடு சேர்ந்து கழுத்தளவு தண்ணீரில் இறங்கி மான் பிடித்த ஆப்பிரிக்கத் தொழிலாளர்களின் பெயர்களும் பலருக்குத் தெரியாது.

ஃபாதர்கில் 1975இல் காலமானார். கரிபா ஏரியில் ஒரு தீவுக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். மழை குறைந்து ஏரி வற்றும் ஆண்டுகளில் அது தீவாகவே இருக்காது. கரையோடு சேர்ந்துவிடும். அப்போது யானைகள் நீந்தாமலே அங்கே நடந்து போகலாம்.