கூத்தாடிச் சிறுவன் துப்பறியும் நிபுணர் ஆனான்!

பாம்பின் கால் பாம்பு அறியும் என்பார்கள். திருடனின் தந்திரம் திருடனுக்குத்தான் தெரியும். அப்படியானால், திருடர்களைப் பிடிக்க ஒரு திருடனையே அனுப்பினால் என்ன?

பிரான்சு நாட்டின் தலைநகரமான பாரீசில் இது உண்மையாகவே நடந்தது. சிறையிலிருந்து பல முறை தப்பி ஓடிய ஒரு கைதியை, 1811-ம் ஆண்டில் துப்பறியும் படைக்குத் தலைவராக்கினார்கள்.

அவர் பெயர் விடோக். சிறு வயதில், ஊர் ஊராகச் சுற்றும் வித்தைக்காரர் கூட்டத்தில் எடுபிடியாக இருந்தவர். பின்னாளில் கொலைகாரர்களும் கொள்ளைக்காரர்களும் அவர் பெயரைக் கேட்டாலே நடுங்கினார்கள்.

ஆனால், ஒரு முறை திருடன் என்று பெயர் எடுத்தவன் திருந்தினால், உலகம் அவனை நம்புமா? விடோக்கின் வாழ்நாள் முழுவதும் அவரைத் துரத்திய கேள்வி இது.

ரொட்டிக் கடைக்காரர் மகன்

பிரான்சின் வடக்கே ஆராஸ் என்று ஓர் ஊர். அங்கே ரொட்டிக் கடை வைத்திருந்த ஒருவருக்கு 1775-ம் ஆண்டு ஜூலை மாதம் பிறந்தவன் விடோக். யூஜின் பிரான்சுவா விடோக் என்பது முழுப் பெயர். வீட்டில் சோற்றுக்குக் குறைவில்லை, துணிக்குக் குறைவில்லை. ஆனால் பையன் முரடன். வாள் சண்டையில் சூரன். கெட்ட சகவாசமும் சேர்ந்தது.

முதலில் கடையின் கல்லாப் பெட்டியில் சில்லறை குறைந்தது. பிறகு வீட்டு வெள்ளிச் சாமான்கள் காணாமல் போயின. திருடியது பெற்ற மகன்தான் என்று தெரிந்ததும் தகப்பனார் மனம் உடைந்தார். மகனைத் தாமே காவலில் வைக்கச் சொன்னார். சில நாள் சிறையில் இருந்தால் புத்தி வரும் என்று நினைத்தார்.

புத்தி வரவில்லை. வெளியே வந்தவன், பெற்றோரின் பணப் பெட்டியையே உடைத்தான். பெருந்தொகையை எடுத்துக்கொண்டு ஓடினான். கப்பல் ஏறி அமெரிக்காவுக்குப் போய்விட வேண்டும் என்பது அவன் ஆசை. ஆஸ்டெண்டு துறைமுகம் வரை போனான். அங்கே அவனை விடப் பெரிய எத்தர்கள் இருந்தார்கள். நயமாகப் பேசி, குடிக்கக் கொடுத்து, கையில் இருந்ததை எல்லாம் பறித்துக்கொண்டார்கள்.

பெற்றோரை ஏமாற்றியவன் ஏமாந்து நின்றான். வயிறு பசித்தது. அப்போது அவன் கண்ணில் பட்டது ஒரு வித்தைக்காரர் கூடாரம்.

புலித்தோல் வேடம்

சந்தை கூடும் ஊர்களுக்கெல்லாம் போய் வித்தை காட்டும் கூட்டம் அது. விலங்குகளும் இருந்தன, கழைக்கூத்தாடிகளும் இருந்தார்கள். விளக்குத் துடைக்கவும், விலங்குகளின் கூண்டைக் கழுவவும் விடோக்கை வைத்துக்கொண்டார்கள். படுக்க வைக்கோல். சாப்பிட மிச்சம் மீதி.

குட்டிக்கரணம் போடக் கற்றுக் கொடுத்தார்கள். உடம்பெல்லாம் காயம்தான் மிச்சம். கடைசியில் முதலாளி ஒரு யோசனை செய்தார். பையனுக்குப் புலித்தோலைப் போர்த்தி, நரமாமிசம் தின்னும் காட்டுமிராண்டியாக ஜனங்களுக்குக் காட்டுவது! பச்சை இறைச்சியைக் கடித்துத் தின்ன வேண்டும். கூழாங்கல்லை விழுங்க வேண்டும். விடோக் மறுத்தான். அடி விழுந்தது. வேலையும் போயிற்று.

பிறகு ஒரு பொம்மலாட்டக்காரரிடம் சேர்ந்தான். அவருடைய இளம் மனைவியிடம் அதிகம் சிரித்துப் பேசினான் என்று அங்கிருந்தும் துரத்தப்பட்டான். அடுத்து, ஊர் ஊராகப் போய் மருந்து விற்கும் ஒரு கிழவருக்கு மூட்டை சுமந்தான். நடந்து நடந்து கால் தேய்ந்தது. ஒரு நாள் வழி ஆராஸ் பக்கம் திரும்பியது.

சொந்த ஊரைக் கண்டதும் அவனால் தாங்க முடியவில்லை. வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டான். கந்தல் உடையில் நின்ற மகனைத் தாய் கட்டிக்கொண்டாள். தகப்பனாரின் கோபமும் தணிந்தது.

கூத்தாடிகளோடு சுற்றியதில் அவனுக்குக் காசு சேரவில்லை. ஆனால் ஆள் எப்படி வேடம் மாறுகிறான், கூட்டம் எதைப் பார்த்து ஏமாறுகிறது என்பதை அருகில் இருந்து பார்த்திருந்தான். அந்தப் பாடம் வீண் போகவில்லை.

செய்யாத குற்றமா?

1791-ல் விடோக் பட்டாளத்தில் சேர்ந்தான். போர்க்களம் பார்த்தான். அங்கும் சண்டை சச்சரவு. பட்டாளத்தை விட்டு ஓடினான். பொய்ப் பெயர்களில் திரிந்தான். அடிதடி வழக்கில் லீல் நகரச் சிறைக்குப் போனான்.

அந்தச் சிறையில் ஓர் ஏழை விவசாயி இருந்தான். பிள்ளைகளின் பசி தாங்காமல் தானியம் திருடியவன். அதற்கு ஆறு வருஷ தண்டனை! அவனை விடுதலை செய்யும்படி மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. அவனும் போய்விட்டான். பிறகுதான் தெரிந்தது, உத்தரவு போலி என்று. அதைத் தயாரித்தவர்களில் விடோக்கும் ஒருவன் என்று வழக்கு. தனக்கு அதில் பங்கில்லை என்று அவன் கடைசி வரை சாதித்தான். நீதிமன்றம் நம்பவில்லை. 1796 டிசம்பரில் எட்டு வருஷக் கடுங்காவல் தண்டனை விதித்தது.

கழுத்தில் இரும்பு வளையம். வளையத்தோடு வளையமாகச் சங்கிலி. நாட்டின் ஒரு கோடியிலிருந்து கடற்கரையில் இருந்த பிரெஸ்டு சிறைக்குக் கைதிகளை அப்படித்தான் கொண்டு போனார்கள். விடோக் அங்கே அதிக நாள் இருக்கவில்லை. 1798-ல் மாலுமி போல உடுத்துக்கொண்டு வாசல் வழியாகவே வெளியேறினான்! மறுபடி பிடித்தார்கள். மறுபடி தப்பினான். ஒரு தடவை கன்னியாஸ்திரீயின் உடையில் தப்பியதாக அவனே பின்னால் எழுதியிருக்கிறான். தூலோன் சிறையில் போட்டார்கள். 1800-ல் அங்கிருந்தும் மறைந்தான்.

அதற்குப் பிறகு நிம்மதியாகப் பிழைக்கவே ஆசைப்பட்டான். வியாபாரம் செய்தான். ஆனால் பழைய ஜெயில் கூட்டாளிகள் விடவில்லை. பணம் கொடு, இல்லாவிட்டால் காட்டிக் கொடுப்போம் என்று மிரட்டினார்கள். வெளியே இருப்பதும் ஜெயில் போல ஆகிவிட்டது. 1809-ல் மீண்டும் பிடிபட்டபோது விடோக் ஒரு முடிவுக்கு வந்தான். போலீஸ் அதிகாரி ஆன்றி என்பவரிடம், உங்களுக்கு உளவு சொல்கிறேன் என்று தெரிவித்தான்.

உயிரைப் பணயம் வைக்கும் காரியம் அது. சிறைக்குள்ளேயே கைதிகளோடு கைதியாக 21 மாதம் உளவு பார்த்தான். விஷயம் வெளியே தெரிந்திருந்தால் மறு நாள் விடிவதற்குள் பிணமாகியிருப்பான். 1811-ல் அவன் மீண்டும் தப்பி ஓடிவிட்டான் என்ற செய்தி கைதிகளிடையே பரவியது. அது போலீசாரே ஏற்பாடு செய்த நாடகம்!

கைதிகளைக் கொண்டு ஒரு படை

அந்த ஆண்டிலேயே துப்பறியும் படை பிறந்தது. பிரெஞ்சு மொழியில் அதற்கு ஸூர்த்தே என்று பெயர். தொடக்கத்தில் விடோக்குக்கு உதவியாக இருந்தவர்கள் நாலு பேர்தான். எல்லோரும் ஜெயிலுக்குப் போய் வந்தவர்கள்! உடுப்பு கிடையாது. தொழிலாளியாகவும் பிச்சைக்காரனாகவும் குடிகாரனாகவும் வேடம் போட்டு, திருடர்கள் கூடும் இடங்களில் கலந்து இருப்பார்கள்.

மற்றப் போலீசாருக்கு இது பிடிக்கவில்லை. இந்தப் பயல்களே கூட்டத்தில் ஜேப்படி செய்கிறார்கள் என்று புகார் கிளப்பினார்கள். விடோக் சளைக்கவில்லை. தம் ஆட்கள் எல்லோரும் கையுறை மாட்ட வேண்டும் என்று உத்தரவு போட்டார். கையுறை போட்ட கையால் ஜேப்படி செய்ய முடியாது அல்லவா?

1817-ல் அவரிடம் இருந்தவர்கள் 12 பேர். அந்த ஓர் ஆண்டில் மட்டும் 811 பேரைப் பிடித்தார்கள். அவர்களில் 15 பேர் கொலைகாரர்கள். லண்டன் போலீசில் துப்பறியும் பிரிவு ஏற்பட்டது 1842-ல்தான். பாரீஸ் அதற்கு 31 ஆண்டு முந்திக்கொண்டது!

மஞ்சள் திரை எங்கே?

விடோக் எப்படித் துப்புத் துலக்கினார் என்பதற்கு ஃபொஸார் வழக்கு நல்ல உதாரணம். தம் நினைவுக் குறிப்புகளில் அவரே இதைச் சொல்லியிருக்கிறார்.

ஃபொஸார் கள்ளச் சாவி செய்வதில் கெட்டிக்காரன். சிறையிலிருந்து தப்பியவன். எப்போதும் கைத்துப்பாக்கி வைத்திருப்பான். பிடிக்க வரும் போலீஸ்காரனைச் சுட்டுத் தள்ளுவேன் என்று சபதம் செய்திருந்தான். அவன் பாரீசில் எங்கோ இருக்கிறான். கிடைத்த துப்பு இவ்வளவுதான்: அவன் வீட்டு ஜன்னலில் மஞ்சள் திரை தொங்கும்; அதே வீட்டில் கூன் விழுந்த தையற்காரி ஒருத்தி குடியிருக்கிறாள்.

விடோக் 60 வயதுக் கிழவராக வேடம் போட்டார். கைத்தடி ஊன்றித் தெருத் தெருவாக அலைந்தார். மஞ்சள் திரைக்கா பஞ்சம்? நூற்றுக்கு மேல் இருந்தன! ஆகவே திரையை விட்டுவிட்டுத் தையற்காரியைத் தேடலானார். தனியாக இருக்கும் பெண் காலையில் பால் வாங்கத்தானே வேண்டும்? பால்காரி கடை அருகே காத்திருந்தார். அவர் எதிர்பார்த்தபடியே அவள் வந்தாள்.

நைசாகப் பின்னால் போய்ப் பேச்சுக் கொடுத்தார். ஃபொஸாருடன் இருக்கும் பெண் தம்மை விட்டு ஓடிப்போன மனைவி என்று சொல்லிக் கண்ணீர் வடித்தார். தையற்காரி மனம் இளகியது. அவர்கள் வீடு மாற்றிப் போய்விட்டார்கள் என்று சொன்னாள். புது இடத்தையும் கண்டுபிடித்துக் கொடுத்தாள்!

மறு நாள் கிழவர் மறைந்தார். முகமெல்லாம் கரி பூசிய நிலக்கரிக்காரர் ஒருவர் அந்தத் தெருவில் நடமாடினார். ஃபொஸாரின் போக்குவரத்தை எல்லாம் கவனித்தார். துப்பாக்கிக்காரனை எப்படிப் பிடிப்பது? கதவைத் தட்டினால் சுடுவான். வீட்டின் கீழே ஒரு ஒயின் கடை இருந்தது. ஃபொஸார் உங்களைக் கொள்ளையடிக்கப் பார்க்கிறான் என்று எச்சரித்து, கடைக்காரரைத் தம் பக்கம் சேர்த்துக்கொண்டார் விடோக். அந்த வீட்டுச் சிறுவன் மாடிக்குப் போய்க் கதவைத் தட்டினான். அத்தைக்கு உடம்பு சரியில்லை, கொஞ்சம் வாசனைத் தைலம் வேண்டும் என்று கேட்டான். தெரிந்த குரல் ஆயிற்றே! கதவு திறந்தது. மறு விநாடி போலீசார் உள்ளே பாய்ந்தார்கள். படுக்கையில் கிடந்த ஃபொஸாரின் கை துப்பாக்கிக்குப் போகுமுன் விலங்கு விழுந்தது.

ஓர் உயிரும் போகவில்லை. ஒரு குண்டும் வெடிக்கவில்லை.

கறை போகவில்லை

இத்தனையும் செய்தவர், சட்டத்தின் கண்ணில் இன்னும் தப்பியோடிய கைதிதான்! பல ஆண்டு உழைத்த பிறகே, பதினெட்டாம் லூயி மன்னர் அவருடைய பழைய தண்டனைக்கு மன்னிப்பு அளித்தார்.

மேலதிகாரிகளுடன் ஒத்துப் போகாமல் 1827-ல் விடோக் வேலையை விட்டார். பாரீசுக்குப் பக்கத்தில் காகித ஆலை தொடங்கினார். விடுதலையான கைதிகளுக்கே அதில் வேலை கொடுத்தார். பிழைக்க வழி இருந்தால் திருடன் திருடமாட்டான் என்பது அவர் நம்பிக்கை. தம்மையே அதற்குச் சாட்சியாக நினைத்தார். ஆனால் ஊர் ஜனங்கள் முகம் சுளித்தார்கள். ஆலை நொடித்துப் போயிற்று. கைப்பொருள் கரைந்தது.

1832-ல் சில மாதம் பழைய வேலைக்குத் திரும்பினார். மறு ஆண்டு சொந்தமாகத் துப்பறியும் நிலையம் திறந்தார். மோசடிக்காரர்களிடமிருந்து வியாபாரிகளைக் காப்பதே அதன் முக்கியத் தொழில். தனியார் துப்பறியும் நிலையங்களுக்கு அதுவே முன்னோடி என்பார்கள். போலீசார் சும்மா விடவில்லை. 1842-ல் அவரைக் கைது செய்தார்கள். ஐந்து வருஷ தண்டனையும் கிடைத்தது. அப்பீலில் நிரபராதி என்று தீர்ப்பாயிற்று. அதற்குள் பல மாதம் சிறையில் கழிந்துவிட்டது. அப்போது அவருக்கு வயது கிட்டத்தட்ட 68.

1845-ல் லண்டனில் ஒரு காட்சி நடத்தினார். தாம் போட்ட வேடங்களையும், கைதிகளின் விலங்கையும் குண்டையும் ஜனங்களுக்குக் காட்டினார். புலித்தோல் போர்த்தி நிற்க மறுத்த பையன், முதுமையில் தம் வாழ்க்கையையே காட்சியாக வைத்தார்!

1857-ம் ஆண்டு மே 11-ந் தேதி, 81-வது வயதில், பாரீசில் விடோக் காலமானார்.

தமிழ்நாடு அறிந்த கதை

விடோக்கை நேரில் அறிந்தவர்களில் நாவலாசிரியர் பால்ஸாக் ஒருவர். தம் நாவல்களில் வரும் வோத்ரான் என்ற பாத்திரத்தை அவரைக் கொண்டே படைத்தார்.

விடோக் மறைந்து ஐந்து ஆண்டுக்குப் பின், 1862-ல் விக்டர் ஹியூகோவின் பெரிய நாவல் வெளிவந்தது. ரொட்டி திருடிச் சிறை சென்று, பிறகு நல்லவனாக வாழ முயலும் ஒருவனின் கதை அது. விடாமல் அவனைத் துரத்துகிறார் ஒரு போலீஸ் அதிகாரி. சுத்தானந்த பாரதியார் அதைத் தமிழில் 'ஏழை படும் பாடு' என்று தந்தார். 1950-ல் அது அதே பெயரில் படமாக வந்தது. நாகையா கைதியாக நடித்தார். ஜாவர் என்ற போலீஸ் அதிகாரியாக நடித்த சீதாராமனுக்கு 'ஜாவர்' என்பதே பட்டப் பெயராக நிலைத்துவிட்டது.

ஹியூகோ அந்தக் கைதிக்கும் விடோக்கின் வாழ்க்கையிலிருந்து எடுத்தார். போலீஸ் அதிகாரிக்கும் அதிலிருந்தே எடுத்தார் என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். கதையில் அவர்கள் இரண்டு பேர். துரத்தப்பட்டவரும் துரத்தியவரும் ஒருவராகவே வாழ்ந்து காட்டியவர் விடோக்.

கந்தலோடு வந்து நின்ற மகனை அவனுடைய தாய் ஒரே நாளில் மன்னித்தாள். அதே மன்னிப்பைத் தர நாட்டுக்குப் பல ஆண்டு ஆயிற்று. ஊரார் கடைசி வரை தரவே இல்லை.