வெடிகுண்டுக்கும் அசையாத கணக்கு

பழவேற்காட்டுத் தோழர்களுக்குக் கயிற்றின் அருமையை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. வலைக்கும் படகுக்கும் உயிர் அதுதானே! அத்தகைய கயிற்றுக்கு நார் உரித்துப் பிழைத்த ஒரு சக்கரத் தச்சரின் மகனைப் பற்றியே இன்று கூறப் போகிறோம்.

பெயர் எர்னஸ்ட் ரூதர்போர்டு. நியூசிலாந்தில் 1871இல் பிறந்தவர். வீட்டில் 12 பிள்ளைகள், இவர் நாலாவது. உதவித் தொகை கொண்டே படித்தார். 1895இல் அவரைக் கேம்பிரிட்ஜுக்கு அனுப்பிய உதவித் தொகைகூட முதலில் வேறொருவருக்கே கிடைத்தது! அவர் வேண்டாமென்று ஒதுங்கவே, நார் ஆலைக்காரர் மகன் கப்பலேறினார். எத்தனை ஏழை வீட்டு மூளைகள் அந்த இரண்டாவது வாய்ப்பும் வராமல் மங்கிப் போயினவோ!

பின்னர் கனடாவில் மாண்ட்ரீல் நகரில் பேராசிரியரானார். தோரியத்திலிருந்து கசியும் வாயுவை அங்கே ஆராய்ந்தார். அதன் கதிர்வீச்சு ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் பாதியாயிற்று. அடுத்த நிமிடத்தில் பாதியில் பாதி. ஒரு தனிமம் சிதைந்து மற்றொன்றாகிறது என்ற உண்மையை 1902இல் சாடி என்ற இளைஞருடன் சேர்ந்து உலகுக்கு அறிவித்தார்.

ஏரியில் பாடு முறை உண்டல்லவா? இன்று எவர் வலை, நாளை எவர் வலை என்பது முன்பே தெரியும். அணுவுக்கு அந்த முறை கிடையாது. எந்த அணு எப்போது சிதையும் என்று எவராலும் கூற இயலாது. ஆனால் கோடானுகோடி அணுக்களைச் சேர்த்து எண்ணினால் கணக்குத் தப்பாது. ரேடியம் பாதியாக 1600 ஆண்டுகள். அவ்வளவுதான்!

அந்த வேகத்தை மாற்ற முடியாதா? கேள்வி நியாயமானது. ஐஸில் வைத்த மீன் கெடத் தாமதமாகிறது. வெயிலில் போட்டது விரைவில் நாறுகிறது. அணு மட்டும் சூடு சுரணை அற்றதா? ரூதர்போர்டும் பெட்டவெலும் 1907இல் சோதித்தே பார்த்தனர். ரேடியத்தின் வாயுவை இரும்புக் குண்டுக்குள் அடைத்து, வெடிமருந்து வைத்து வெடித்தனர். 2500 டிகிரி வெப்பம், காற்றழுத்தத்தைப் போல் 1000 மடங்கு அழுத்தம். வாயு சிதையும் வேகம் மாறவில்லை! மேரி கியூரியும் காமர்லிங் ஆனஸும் ரேடியத்தைத் திரவ ஹைட்ரஜனின் கடுங்குளிரில் வைத்துப் பார்த்தனர். 1913இல் வெளியான முடிவும் அதுவே.

காரணம் பிறகு விளங்கிற்று. நெருப்பு தொடுவது அணுவின் வெளிப்புற எலெக்ட்ரான்களை மட்டுமே. சிதைவோ உள்ளே, கருவில். அந்தக் கரு இருப்பதை 1911இல் காட்டியவரும் ரூதர்போர்டேதான்.

விதிவிலக்கே இல்லையா? உண்டு, மறைப்பானேன்! பெரிலியம்-7 தன் எலெக்ட்ரானையே விழுங்கிச் சிதைவது. சேரும் பொருளுக்கேற்ப அதன் வேகம் சிறிதளவு மாறும். 1996இல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் ரேனியம்-187 அணுவின் எலெக்ட்ரான் அத்தனையையும் உரித்தெடுத்தபோது, சுமார் 4200 கோடி ஆண்டு என்றிருந்த பாதிக் காலம் 33 ஆண்டாகச் சுருங்கியது. விண்மீனின் வயிற்றில் நடக்கக் கூடிய காரியம். நம் அடுப்பில் நடவாது.

இதனால் மீனவனுக்கு என்ன என்று கேட்கலாம். பழவேற்காடு ஏரியின் அடிச்சேற்றுக்கு ஆய்வாளர்கள் வயது கணித்தது கரி-14 கொண்டு; அது பாதியாக 5730 ஆண்டு. அந்தக் கடிகாரம் தடுமாறினால் ஏரியின் வரலாறே தடுமாறும். மற்றொன்று, இதே கடற்கரையில் தெற்கே கல்பாக்கத்தில் அணு உலை இருக்கிறது. உலைக் கழிவிலுள்ள சீசியம்-137 பாதியாக 30 ஆண்டு. அதை எரித்தாலும் புதைத்தாலும் கடலில் கரைத்தாலும் ஒரு நாள்கூடக் குறையாது. பூட்டிக் காத்திருக்கத்தான் வேண்டும். எங்கே பூட்டுகிறார்கள் என்று கரையோரத்தார் கேட்கத்தான் வேண்டும்.

ரூதர்போர்டும் தவறியதுண்டு. அணுவிலிருந்து பயன்படும் சக்தி எடுப்பது வெறும் கனவு என்றே 1933இல் எண்ணினார். 1937 அக்டோபர் 19இல், 66ஆம் வயதில் மறைந்தார். யுரேனியம் பிளந்த செய்தி ஜெர்மனியில் பிறந்தது 1938 டிசம்பரில்.