மேடைக்கு வழிகாட்டிய ஆசான்

நாடகம் கற்பது ஒன்று. கற்ற நாடகத்தால் வாழ்வது மற்றொன்று. இவ்விரண்டையும் ஒன்றாக்கிக் காட்டியவர் சங்கரதாசு சுவாமிகள்.

இவர் 1867 ஆம் ஆண்டு தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தார். பழனி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் பயின்றார். உப்புப் பண்டகசாலையில் கணக்கராகப் பணியாற்றிய பின், 24 ஆம் வயதில் நாடகத் துறையில் புகுந்தார். எமன், சனீசுவரன் முதலிய வேடங்களில் புகழ் பெற்றார். அவர்தம் கடுமையான நடிப்பைக் கண்டு அஞ்சிய பெண்ணொருவரின் கரு கலைந்தது என்பர். அதனால் வருந்திய சுவாமிகள் வேடம் புனைவதை விடுத்தார்; நாடகம் எழுதுவதையும் பயிற்றுவிப்பதையுமே தம் பணியாகக் கொண்டார்.

அக்கால நடிகர் பலர் மேடையில் மனம்போன போக்கில் உரையாடினர். எழுதிய பாடலையும் உரையாடலையும் பிழையின்றிக் கற்று நடிக்கும் ஒழுங்கைச் சுவாமிகள் சிறுவரிடம் வளர்த்தார். 1918 இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தோற்றுவித்தார். அங்குச் சிறுவர்கள் ஒன்றாகத் தங்கிப் பயின்றனர். பயின்றதையே மக்கள்முன் நடித்தனர். ஆறு வயதில் சேர்ந்த தி.க. சண்முகத்துக்காக ‘அபிமன்யு சுந்தரி’ நாடகத்தைச் சுவாமிகள் ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பர்.

இறுதிக் காலத்தில் பக்கவாதம் அவர்தம் பேச்சைப் பறித்தது. 1922 இல் புதுச்சேரியில் மறைந்தார். ஆசான் மறைந்தும் பயிற்சி வீணாகவில்லை. 1925 இல் தி.க.ச. உடன்பிறந்தோர் சொந்தமாக நாடகக்குழு தொடங்கினர். கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனும் அக்குழுவில் நடித்து வளர்ந்தார். மாணவரே பிறருக்கு வாழ்வளிக்கும் நிலைக்கு உயர்ந்தமை சுவாமிகளின் கல்விக்குக் கிடைத்த வெற்றியாகும்.