ஆனந்தரங்கப் பிள்ளை

தொண்டை நாட்டின் வடகோடியில் பழவேற்காட்டு ஏரி பரந்து கிடக்கின்றது. ஏரிக்கும் கடலுக்கும் இடையே மீனவர் குப்பங்கள் பல உள்ளன. வாணிகம் செய்ய வந்த ஒல்லாந்தர் 1613-ஆம் ஆண்டில் அங்கே ஒரு கோட்டை எழுப்பினர். அக்கோட்டை இன்று சிதைந்து, முட்புதர் மண்டிக் கிடக்கின்றது. அவர்தம் கல்லறைகள் சிற்ப வேலைப்பாட்டுடன் இன்னும் நிற்கின்றன. அக்கற்கள் இறந்தோர் பெயரைக் கூறும்; இறந்த நாளையும் கூறும். ஆனால், அக்காலத்து மக்கள் நெல்லை என்ன விலைக்கு வாங்கினர், எவருக்கு அஞ்சினர், எதற்காக அழுதனர் என்பவற்றைக் கூறா. கல் சொல்லாத அச்செய்திகளை, அதே கடற்கரையின் தெற்கே புதுச்சேரியில் வாழ்ந்த தமிழர் ஒருவர் எழுதி வைத்தார். அவரே ஆனந்தரங்கப் பிள்ளை ஆவார்.

ஆனந்தரங்கர் சென்னையை அடுத்த பெரம்பூரில் 1709-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 30-ஆம் நாள் பிறந்தார். அவர் தந்தையார் திருவேங்கடம் பிள்ளை என்னும் வணிகர். திருவேங்கடம் பிள்ளையின் மைத்துனராகிய நைனியப்ப பிள்ளை, புதுச்சேரியில் பிரெஞ்சுக் கம்பெனியாரிடம் தலைமைத் துபாஷியாக விளங்கினார். துபாஷி என்பார் இருமொழி வல்லவர். பிறநாட்டார் கூறுவதை நம் மக்களுக்கும், நம் மக்கள் கூறுவதைப் பிறநாட்டார்க்கும் எடுத்துரைப்பவர். கம்பெனியின் கொள்வினையும் கொடுப்பினையும் அவர் வழியாகவே நடைபெறும். ஆதலின் அப்பதவி செல்வமும் செல்வாக்கும் மிக்கதாய் இருந்தது. மைத்துனரின் அழைப்பை ஏற்றுத் திருவேங்கடம் பிள்ளை குடும்பத்துடன் புதுச்சேரியில் குடியேறினார்.

உயர்ந்த பதவி வழுக்கு நிலம் போன்றது. 1716-ஆம் ஆண்டில் ஆளுநர் எபேர் என்பவர் நைனியப்பர்மீது குற்றம் சாட்டிச் சிறையிலிட்டார். பலர் காண அவருக்குக் கசையடி கொடுக்கப்பட்டது; பொருளெல்லாம் பறிக்கப்பட்டது. அடுத்த ஆண்டில் அவர் சிறையிலேயே உயிர் துறந்தார். அவர் மகன் குருவப்ப பிள்ளை, கடல் கடந்து பிரான்சுக்குச் சென்று முறையிட்டார். பின்னர் அந்நாட்டு அரசு, அத்தீர்ப்பு முறையற்றது எனக் கண்டு அதனை நீக்கியது. நீதி கிடைத்தது, ஆனால் நைனியப்பர் அதனைக் காண இல்லை. ஆட்சியாளரின் அருள் எத்துணை விரைவில் சினமாக மாறும் என்னும் பாடத்தை ஆனந்தரங்கர் இளமையிலேயே தம் குடும்பத்தில் கண்டார்.

1726-ஆம் ஆண்டில் தந்தையார் மறைந்தார். குடும்பப் பொறுப்பு இளைஞராகிய ஆனந்தரங்கரிடம் வந்து சேர்ந்தது. தமிழொடு தெலுங்கு, போர்ச்சுகீசியம், பிரெஞ்சு முதலிய மொழிகளையும் அவர் பயின்றிருந்தார். அவருடைய அறிவையும் நேர்மையையும் கண்ட ஆளுநர் லெனுவார், பரங்கிப்பேட்டையில் இருந்த கம்பெனிப் பண்டகசாலையை அவர் பொறுப்பில் விட்டார். அவர் தாமும் துணி வாணிகம் செய்தார். அவருக்கு ஆனந்தப்புரவி என்னும் பெயருடைய கப்பலும் இருந்தது.

1736-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 6-ஆம் நாள் அவர் ஒரு புதிய பழக்கத்தை மேற்கொண்டார். தாம் கண்டவற்றையும் கேட்டவற்றையும் நாள்தோறும் எழுதி வைக்கத் தொடங்கினார். தமிழ் ஆண்டு, திங்கள், நாள், கிழமை ஆகியவற்றைக் குறித்துவிட்டுச் செய்தியை எழுதுவது அவர் வழக்கம். துறைமுகத்திற்கு வந்த கப்பல்கள், அவற்றுக்காக முழங்கிய பீரங்கிகள், சரக்கின் விலை, நகரில் நடந்த திருமணம், கடைவீதி வதந்தி, ஆளுநர் மாளிகை மந்தணம் ஆகிய எல்லாம் அவ்வேடுகளில் இடம் பெற்றன. எளியோர் பட்ட துன்பத்தையும் அவர் எழுதாமல் விடவில்லை. ஏழை மக்களைப் பொய் கூறி அழைத்துச் சென்று, மறைவிடத்தில் அடைத்து, அடிமைகளாகக் கப்பலேற்றிய கொடுமை 1743-ஆம் ஆண்டுக் குறிப்பில் காணப்படுகின்றது.

அந்நாட்குறிப்பின் நடை, இலக்கணம் வல்லார் போற்றும் செந்தமிழ் நடையன்று. அன்றைய புதுச்சேரியில் மக்கள் பேசிய தமிழே அது. தெலுங்கு, பாரசீகம், போர்ச்சுகீசியம், பிரெஞ்சு ஆகிய மொழிகளின் சொற்கள் அதில் விரவி வருகின்றன. புலவர் ஒருவர் அதனைத் திருத்தியிருப்பாரேல் நடை சிறந்திருக்கும். ஆனால் இருநூற்றெண்பது ஆண்டுகளுக்கு முன் தெருவில் ஒலித்த தமிழ் நமக்குக் கிடைத்திராது.

1742-ஆம் ஆண்டில் டூப்ளே புதுச்சேரியின் ஆளுநரானார். இந்தியாவில் பிரெஞ்சுப் பேரரசு ஒன்றை நிறுவ அவர் எண்ணினார். அவருக்கு வலக்கை போல் உதவியவர் ஆனந்தரங்கர். 1746-இல் தலைமைத் துபாஷி கனகராய முதலியார் இறந்தபின், அப்பதவி பலருடைய போட்டிக்கிடையே 1747-இல் ஆனந்தரங்கருக்கு முறையாக வழங்கப்பட்டது. பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றியது, அடையாற்றங்கரையில் சிறுபடையொன்று நவாபின் பெரும்படையை முறியடித்தது, 1748-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டு வெல்லாது மீண்டது ஆகிய நிகழ்ச்சிகளை அருகிலிருந்து அறிந்து அவர் எழுதினார். ஐதராபாத்துச் சுபேதாராக விளங்கிய முசபர்ஜங்கு அவரை மூவாயிரம் குதிரைக்குரிய மன்சப்தாராக உயர்த்திச் செங்கற்பட்டுச் சாகீரும் அளித்தார். மேளம் முழங்கப் பல்லக்கில் ஏறி ஆளுநர் மாளிகைக்குள் செல்லும் உரிமை அவருக்கு இருந்தது.

ஆயினும், அப்பல்லக்கிற்கும் ஓர் எல்லை உண்டு. 1748-ஆம் ஆண்டு முற்றுகையின்போது, மாதா கோயிலை அடுத்து நின்ற வேதபுரீசுவரர் கோயிலை இடிக்க ஆளுநர் ஆணையிட்டார். மக்கள் முறையிட்டும் பயனில்லை; கோயில் இடிந்து வீழ்ந்தது. ஆளுநரின் செவிக்கு மிக அண்மையில் இருந்தவர் ஆனந்தரங்கர். எனினும் அவரால் அதனைத் தடுக்க இயலவில்லை. அவர் செய்யக் கூடியது ஒன்றே ஒன்று இருந்தது. நடந்ததை நடந்தவாறே எழுதி வைத்தார். நெஞ்சம் நொந்து அவர் எழுதிய அப்பகுதியைப் படிப்போர், பிறர் ஆட்சியில் பெறும் பெருமை எத்தன்மையது என்பதை நன்கு உணர்வர்.

ஆனந்தரங்கர் புலவரைப் போற்றிய புரவலரும் ஆவார். தியாகராய தேசிகர் அவர்மீது ஆனந்தரங்கன் கோவை என்னும் நூலைப் பாடினார். சீனிவாச கவி 1752-ஆம் ஆண்டில் ஆனந்தரங்க விசய சம்பு என்னும் வடமொழி நூலை இயற்றினார். எனினும், குறையே இல்லாதவர் என அவரைக் கருதுதல் பொருந்தாது. தம் பெருமையைத் தாமே பேசும் இடங்களும், போட்டியாளரைச் சினந்து உரைக்கும் இடங்களும் அவர் குறிப்பில் உண்டு. அவற்றை அவரே எழுதி வைத்தமையால் அன்றோ நாம் அறிகின்றோம்!

1754-ஆம் ஆண்டில் டூப்ளேயைப் பிரான்சு திரும்ப அழைத்துக்கொண்டது. அவர் 1763-இல் பாரிசில் வறுமையுற்று இறந்தார். அவருக்குப் பின் வந்தோர் ஆனந்தரங்கரை மதிக்கவில்லை. 1756-இல் தலைமைத் துபாஷிப் பதவியும் அவர் கையினின்று நீங்கியது. நோய் வருத்தியது, செல்வமும் சுருங்கியது. 1760-இல் ஆங்கிலேயர் மீண்டும் நகரை வளைத்தனர். மக்கள் உணவின்றி வாடினர். அந்நிலையிலும் நாட்குறிப்பு நிற்கவில்லை. 1761-ஆம் ஆண்டு சனவரித் திங்களில், புதுச்சேரி ஆங்கிலேயர் கையில் வீழ்ந்த அந்நாட்களிலேயே, ஆனந்தரங்கரும் உலக வாழ்வை நீத்தார்.

வென்ற ஆங்கிலேயர் கோட்டையையும் வெள்ளையர் வாழ்ந்த பகுதியையும் தரைமட்டமாக்கினர். நாட்குறிப்பு ஏடுகளோ அவர் மரபினர் வீட்டில் உறங்கிக் கிடந்தன. ஏறத்தாழ எண்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின், 1846-இல், கலுவா மொம்பிரேன் என்னும் பிரெஞ்சுக்காரர் அவற்றைக் கண்டு படியெடுத்தார். சென்னை அரசாங்கம் 1904 முதல் 1928 வரை அதன் ஆங்கில மொழிபெயர்ப்பைப் பன்னிரண்டு தொகுதிகளாக வெளியிட்டது. தமிழில் எழுதப்பெற்ற அந்நூலின் தமிழ்ப் பதிப்போ 1948-ஆம் ஆண்டிலிருந்துதான் புதுச்சேரியில் வெளிவரத் தொடங்கியது. 2019-இல் அது பன்னிரண்டு தொகுதிகளாகத் தமிழில் வெளிவந்தது.

புதுச்சேரியில் ரங்கப்பிள்ளை வீதியில், பெரிய மார்க்கெட்டை அடுத்து, ஆனந்தரங்கரின் மாளிகை பாதுகாக்கப்பட்டு நிற்கின்றது. கீழ்த்தளத்தில் முற்றமும், சித்திர வேலைப்பாடமைந்த மரத்தூண்களும் தமிழர் இல்லத்தின் அழகைக் காட்டுகின்றன. மேல்தளத்தில் பிரெஞ்சு முறையில் அமைந்த வெண்ணிறத் தூண்கள் எழுந்துள்ளன. இருமொழிகளுக்கிடையே வாழ்ந்த அவர் வாழ்வினை அவ்வீடே எடுத்துக் காட்டுவது போல் உள்ளது. புதுச்சேரி அருங்காட்சியகத்தில் அரிக்கமேட்டுப் பழம்பொருள்களையும் பிரெஞ்சுக்காரர் பயன்படுத்திய பொருள்களையும் காணலாம். கடற்கரையில் டூப்ளேயின் சிலையும் நிற்கின்றது. இவற்றையெல்லாம் காணும் மாணவர், இவை பேசாப் பொருள்கள் என்று எண்ண வேண்டா. ஆனந்தரங்கரின் நாட்குறிப்பைப் படித்துவிட்டு அவ்வீதிகளில் நடந்தால், பீரங்கி முழங்கும். கப்பல் வந்து சேரும். கடைவீதியில் மக்கள் பேசும் குரல் கேட்கும்.

ஆளுநர் அளித்த பதவி அவர் வாழ்நாளிலேயே சென்றது. சுபேதார் அளித்த சிறப்பு இன்று வெறும் பெயராய் நிற்கின்றது. எவரும் ஆணையிடாமல், எவர் பரிசையும் கருதாமல், இருபத்து நான்கு ஆண்டுகள் அவர் செய்துவந்த எழுத்துப் பணியே அவரை நம்மிடம் கொண்டுவந்து சேர்த்தது. நாள்தோறும் சிறிது செய்யும் நற்செயல், காலத்தை வெல்லும் வலிமையுடையது என்பதற்கு ஆனந்தரங்கர் வாழ்வு சிறந்த சான்றாகும்.