கணக்கர் வேலை போனது. பேஸ் கிதார் பிறந்தது!

மெல்லிசைக் கச்சேரி மேடையில் பாடகருக்கும் கீ-போர்டு வாசிப்பவருக்கும் பின்னால் ஒருவர் நிற்பார். அவர் கையில் உள்ள கிதாரில் பெரும்பாலும் நான்கே கம்பிகள். அவரை யாரும் கவனிப்பது இல்லை. ஆனால் அவர் வாசிப்பதை நிறுத்திவிட்டால், கால் ஒடிந்த நாற்காலி போல பாட்டு ஆடிப்போகும். இளையராஜாவின் பாடல்களைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்த அடிக்குரல் நன்றாகத் தெரியும். அதுதான் பேஸ் கிதார்.

இந்தக் கருவியைக் கடைச் சரக்காக்கி உலகம் முழுவதும் பரப்பியவர் லியோ பெண்டர் என்ற அமெரிக்கர். அவருக்குக் கிதார் வாசிக்கத் தெரியாது. அவர் படித்தது கணக்கு.

ஆரஞ்சுத் தோட்டத்துப் பையன்

அமெரிக்காவின் மேற்குக் கரையில் உள்ள கலிபோர்னியா மாநிலத்தில் அனஹைம், புல்லர்டன் என்ற ஊர்கள் உண்டு. லியோவின் பெற்றோருக்கு அங்கே ஆரஞ்சுத் தோட்டம் இருந்தது. லியோ பிறந்தது 1909-ம் ஆண்டு ஆகஸ்டு 10-ந் தேதி.

8 வயதில் இடது கண்ணில் கட்டி வந்தது. கண்ணையே எடுத்துவிட்டார்கள். அதன் பிறகு வாழ்நாள் முழுவதும் கண்ணாடிக் கண்தான்.

அவருடைய மாமா ஒருவர் மோட்டார் மின்சாரக் கடை வைத்திருந்தார். அவர் ஒரு பெட்டி நிறைய பழைய ரேடியோ பாகங்களையும் ஒரு கார் பாட்டரியையும் அனுப்பி வைத்தார். அப்போது லியோவுக்கு வயது 13. அன்று பிடித்த ரேடியோ பைத்தியம் கடைசி வரை விடவில்லை. பியானோவும் சாக்சபோனும் கொஞ்சம் கற்றுக்கொண்டார். கிதார் பக்கம் போகவே இல்லை.

கல்லூரியில் கணக்கியல் படித்தார். ஐஸ் கம்பெனி ஒன்றில் முதலில் சரக்கு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை. பிறகு அங்கேயே கணக்கு எழுதும் வேலை. 1934-ல் எஸ்தர் என்ற பெண்ணை மணந்தார். கலிபோர்னியா அரசின் நெடுஞ்சாலைத் துறையிலும் கணக்கராக இருந்தார்.

அது அமெரிக்காவைப் பொருளாதார மந்தம் வாட்டிய காலம். அரசாங்க வேலை போயிற்று. அடுத்து ஒரு டயர் கம்பெனியில் கணக்குப் பிரிவில் சேர்ந்தார். ஆறு மாதத்தில் அதுவும் போயிற்று. அந்தப் பிரிவில் இருந்த மற்ற கணக்கர்களும் சேர்ந்தே வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். மாதச் சம்பளத்தை நம்பி வாழ்கிறவர்களுக்கு அந்த நாளின் கனத்தை விளக்கத் தேவை இல்லை.

600 டாலர் கடன்

1938-ல் லியோ 600 டாலர் கடன் வாங்கி, புல்லர்டனில் ரேடியோ ரிப்பேர் கடை திறந்தார். ரேடியோ பழுது பார்ப்பதுடன், ஊர்க் கச்சேரிகளுக்கு மைக் செட் கட்டிக் கொடுப்பதும் தொழில். அதனால் பாட்டுக்காரர்கள், கிதார்க்காரர்கள் எல்லாரும் கடைக்கு வந்தார்கள். எது உடைகிறது, எது இரைகிறது, எது கேட்கவில்லை என்று புகார் சொன்னார்கள். லியோ வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டார். அவர் கற்ற சங்கீதப் பாடம் இதுதான் என்று சொல்லலாம்.

இரண்டாம் உலகப்போர் வந்தபோது, ஒரு கண் இல்லாததால் அவரைப் பட்டாளத்துக்கு எடுக்கவில்லை. டாக் காப்மன் என்ற நண்பருடன் கூட்டுச் சேர்ந்து, மடியில் வைத்து வாசிக்கும் மின்சாரக் கிதார்களையும் ஆம்பிளிபயர்களையும் செய்தார். தொழிலை விரிவாக்கக் கடன் வாங்கவேண்டும் என்றதும் காப்மன் பயந்து விலகிவிட்டார். 1946-ல் லியோ தம் பெயரிலேயே கம்பெனி தொடங்கினார்.

1950-ல் அவருடைய முதல் கட்டை உடல் மின்சாரக் கிதார் விற்பனைக்கு வந்தது. பின்னர் அது டெலிகாஸ்டர் என்று பெயர் பெற்றது. பழைய கிதார் போல உள்ளே குடைந்த பெட்டி அல்ல, கெட்டியான மரப்பலகை. கழுத்துப் பகுதி 4 திருகுகளால் முடுக்கப்பட்டிருந்தது. பிசின் போட்டு ஒட்டுவதுதான் கிதார் செய்வோரின் மரபு. ரேடியோ மெக்கானிக் அதை ஏற்கவில்லை. கழுத்து தேய்ந்தால் கழற்றிவிட்டு வேறு மாட்டிக்கொள்ளலாம் என்பது அவர் கணக்கு.

ஆள் உயரக் கருவி

அடுத்து அவர் கண்ணில் பட்டது டபுள் பேஸ்.

ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் மரக்கருவி அது. ஒரு கச்சேரியிலிருந்து அடுத்த கச்சேரிக்குக் கொண்டுபோக அதை வாசிப்பவர் பட்ட பாடு பெரும்பாடு. ஆம்பிளிபயர் வைத்த கிதாரும் டிரம்சும் முழங்கினால், அதன் ஒலி அமுங்கிப்போகும். அதில் சுருதி பிசகாமல் விரல் வைக்கப் பல ஆண்டுப் பயிற்சியும் வேண்டும். வீணையில் இருப்பது போன்ற மெட்டுகள் அதில் கிடையாது. வயலின் போல வழவழப்பான பலகை.

லியோ அதைத் தோளில் மாட்டும் அளவுக்குச் சுருக்கினார். ஒலிக்கும் கம்பியின் நீளம் 34 அங்குலம். கம்பிகள் நான்கு. வீணை போல மெட்டுகள் வைத்தார். மெட்டுக்குப் பின்னால் விரலை அழுத்தினால் சுரம் துல்லியமாக விழும். அதனால் பிரிசிஷன் பேஸ், அதாவது துல்லியமான பேஸ், என்று பெயர் வைத்தார். கம்பிகளுக்குக் கீழே காந்தமும், அதைச் சுற்றி மெல்லிய செப்புக் கம்பிச் சுருளும் இருக்கும். கம்பி அதிரும்போது சுருளில் மின்சாரம் பிறக்கும். அதை ஆம்பிளிபயர் பெரிதாக்கும்.

1951 கடைசியில் இது விற்பனைக்கு வந்தது. விலை 199 டாலர் 50 சென்ட். இதன் ஒலியைத் தாங்குவதற்கென்றே 1952-ல் பேஸ்மேன் என்ற ஆம்பிளிபயரையும் செய்தார்.

மின்சார பேஸ் கிதாரை முதன்முதலில் யோசித்தவர் லியோ அல்ல. 1930-களிலேயே சியாட்டில் நகரில் பால் டட்மார்க் என்பவர் மெட்டு வைத்த மின்சார பேஸ் செய்து விற்றுப் பார்த்தார். அது எடுபடவில்லை. லியோவின் கருவி எடுபட்டது.

முதலில் கடைக்காரர்கள் இதை ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார்கள். லயோனல் ஹாம்ப்டன் நடத்திய புகழ்பெற்ற ஜாஸ் குழு இதை மேடை ஏற்றியது. அந்தக் குழுவில் மாங்க் மான்ட்கோமரி இதை வாசித்து ஊர் ஊராகக் காட்டினார். பிறகு ராக் இசை வந்தது. பேஸ் கிதார் இல்லாத குழுவே இல்லை என்று ஆயிற்று. எந்த வனஸ்பதியையும் நாம் டால்டா என்றது போல, எந்தக் கம்பெனியின் மின்சார பேஸையும் பெண்டர் பேஸ் என்றே அமெரிக்க வாத்தியக்காரர்கள் பல காலம் அழைத்தார்கள்.

1954-ல் ஸ்ட்ராடோகாஸ்டர் கிதார் வந்தது. 1960-ல் கழுத்து மெலிந்த ஜாஸ் பேஸ் வந்தது.

பெயரையும் விற்றார்

1960-களில் லியோவுக்கு சைனஸ் நோய்த்தொற்று பிடித்துக்கொண்டது. மருந்துகள் பலன் தரவில்லை. தமக்கு நாள் நெருங்கிவிட்டது என்றே நினைத்தார். கம்பெனியை விற்றுவிட முடிவு செய்தார்.

1965 ஜனவரியில் சி.பி.எஸ். என்ற பெரிய ஒலிபரப்பு நிறுவனம் அதை வாங்கியது. விலை 1 கோடியே 30 லட்சம் டாலர். அன்றைய மாற்று விகிதப்படி சுமார் 6 கோடி ரூபாய். 600 டாலர் கடனில் தொடங்கியவருக்கு இது சாதாரணத் தொகை அல்ல. விற்பனையில் பெண்டர் என்ற பெயரும் சேர்ந்தே போயிற்று. குறிப்பிட்ட காலத்துக்குப் போட்டித் தொழில் செய்யக்கூடாது என்ற நிபந்தனையும் உண்டு.

பிறகு வேறு டாக்டரிடம் போனார். நோய் குணமாகிவிட்டது! உடம்பு திரும்பியது, பெயர் திரும்பவில்லை.

பழையதற்கு மவுசு

சி.பி.எஸ். கையில் உற்பத்தி பெருகியது. ஆனால் சரக்கு பழையபடி இல்லை என்று வாத்தியக்காரர்கள் முணுமுணுத்தார்கள். 1970-களில் சில மாடல்களில் கழுத்துக்கு 4 திருகுகளுக்குப் பதிலாக மூன்றுதான். கழுத்து அசைகிறது என்று புகார் வந்தது. புதியதை விட்டுவிட்டு, 1965-க்கு முந்தைய பழைய பெண்டரைத் தேடிப்போய் வாங்கத் தொடங்கினார்கள். நாளாக நாளாகப் பழையதன் விலை புதியதைப் போலப் பல மடங்கு ஆனது.

இந்தப் பழைய பொருள் வியாபாரத்தின் நுணுக்கங்கள் சுவையானவை. விவரம் தெரிந்தவர் கருவியின் எண்ணை மட்டும் நம்பமாட்டார். திருப்புளியை எடுத்து 4 திருகுகளையும் கழற்றுவார். கழுத்தின் அடியில் தொழிலாளி பென்சிலால் எழுதிய அல்லது முத்திரை குத்திய தேதி பெரும்பாலும் இருக்கும். அடுத்து உள்ளே இருக்கும் வால்யூம் கண்ட்ரோலைப் பார்ப்பார். அதன் முதுகில் பொறித்த எண்களில் முதல் மூன்று, அதைச் செய்த கம்பெனியைக் குறிக்கும். கடைசி எண்கள் ஆண்டையும் வாரத்தையும் காட்டும். சால்டரிங் பற்று புதிதாகப் பளபளத்தால் சந்தேகப்படுவார். நிறம் மங்கிவிட்டதே என்று அழகாக பெயிண்ட் அடித்து வைத்திருந்தால் விலை பாதியாகக் குறைந்தாலும் ஆச்சரியம் இல்லை. உரிந்த பழைய பூச்சுக்கே மவுசு.

பழுது பார்க்க வசதியாக லியோ வைத்த அதே 4 திருகுகள், கழுத்து ஒன்று, உடல் ஒன்று என்று மாற்றி மாட்டி ஏமாற்றுவதற்கும் வசதியாகிவிட்டன. திருகைக் கழற்றாமல் பணத்தை எண்ணிக் கொடுப்பவர் பாடு திண்டாட்டம்தான்.

தம் பெயரோடு போட்டி

இதற்கு நடுவில் லியோ சும்மா இருக்கவில்லை. சி.பி.எஸ்.சுக்குச் சில ஆண்டுகள் ஆலோசகராக இருந்தார். தம்முடன் முன்பு வேலை பார்த்தவர்கள் தொடங்கிய கம்பெனிக்குப் பின்னால் இருந்து உதவினார். அதுதான் மியூசிக் மேன். தடைக்காலம் முடிந்தபின் 1975-ல் அதன் தலைவரானார். 1976-ல் வந்த ஸ்டிங்ரே என்ற பேஸ் கிதாரின் உள்ளேயே 9 வோல்ட் பாட்டரியில் ஓடும் சிறிய ஒலிபெருக்கிச் சுற்று இருந்தது. ரேடியோ கடைக்காரரின் மூளை இது. தம் பெயர் தாங்கிய கருவியை எதிர்த்து, 67 வயதில் இன்னொரு கருவியோடு கடைக்கு வந்துவிட்டார்.

கூட்டாளிகளுக்குள் பிணக்கு ஏற்பட்டது. 1979-ல் எஸ்தர் புற்றுநோயால் இறந்தார். அந்த ஆண்டுதான், தம்மிடம் 1948-லேயே சேர்ந்த ஜார்ஜ் புல்லர்டனுடன் சேர்ந்து ஜி அண்ட் எல் கம்பெனியைத் தொடங்கினார். ஜார்ஜின் ஜி, லியோவின் எல். பட்டறை இருந்த தெருவுக்குப் பெண்டர் அவென்யூ என்று பெயர். தெருவுக்குத் தம் பெயர் இருந்தது. கம்பெனிக்கு வைக்க முடியவில்லை. 1980-ல் மறுமணம் செய்துகொண்டார்.

1985-ல் சி.பி.எஸ். பெண்டர் கம்பெனியை அங்கு வேலை பார்த்தவர்களுக்கே விற்றுவிட்டது. விலை 1 கோடியே 25 லட்சம் டாலர். 20 ஆண்டுகளுக்கு முன் வாங்கியதைவிடக் குறைவு! தொழிற்சாலைக் கட்டிடமும் விற்பனையில் சேரவில்லை. லியோ அதில் கலந்துகொள்ளவில்லை. அவர் தம் பட்டறையில் புதிய பிக்கப்புகளைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

கடைசிக் காலத்தில் பார்க்கின்சன் நோய் வந்தது. கை நடுங்கியது. அப்படியும் பட்டறைக்குப் போவதை விடவில்லை. 1991 மார்ச் 21-ந் தேதி புல்லர்டனில் இறந்தார். வயது 81. அதற்கு முந்தைய நாளும் வேலைக்குப் போயிருந்தார். அவருடைய மேஜையையும் கருவிகளையும் ஜி அண்ட் எல் கம்பெனியார் கலைக்காமல், இருந்தது இருந்தபடியே வைத்துக் காத்தார்கள்.